கையோடு எடுத்துப்போக ஒரு நியூட்ரல் ஹெட்ஃபோன்: முதல்முறை வாங்குபவர்களுக்கு

நியூட்ரல் ஹெட்ஃபோன், அதாவது பதிவில் உள்ள ஒலியைக் கூட்டாமல் குறைக்காமல் தரும் ஹெட்ஃபோன் வேண்டும் என்று தேட ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் முப்பது நாற்பது பெயர்கள் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியிருப்பார்கள். ஒருவருக்குத் தெளிவாகப் பட்டது இன்னொருவருக்குக் காதைக் குத்தியிருக்கும். பெயர்ப் பட்டியலில் இருந்து தொடங்கினால் இந்தச் சுற்றில் இருந்து வெளியே வருவது கஷ்டம், அதனால் பெயர்களை இங்கே கடைசிப் பகுதிக்குத் தள்ளியிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே எடுத்துப்போகும் ஹெட்ஃபோனில் நியூட்ரல் ஒலி கிடைக்குமா என்பதை இரண்டு விஷயங்கள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன: வெளிச்சத்தம் எவ்வளவு உள்ளே நுழைகிறது, காதோடு எவ்வளவு சரியாகப் பொருந்தி உட்காருகிறது. டிரைவரின் (ஒலியை உண்டாக்கும் பாகம்) தரம், ட்யூனிங் (எந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு சத்தம் என்ற அமைப்பு), போனில் இருந்து வரும் சிக்னல் எல்லாம் அதற்கு அடுத்த வரிசைதான். ஆனால் விளம்பரமும் விமர்சனமும் பேசுவது முழுக்க இந்த அடுத்த வரிசையைப் பற்றியே.

முதல் படி: எங்கே கேட்கப்போகிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் வேறெதையும் பார்க்க வேண்டாம்.

பஸ், ரயில், விமானம் இவற்றின் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. எஞ்சின் உறுமல், சக்கரச் சத்தம், காற்று. பாட்டில் உள்ள பேஸும், அதாவது தாழ்ந்த ஒலிகளும், அதே இடத்தில்தான் இருக்கிறது, எனவே இரைச்சல் முதலில் விழுங்குவது பேஸைத்தான். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்டபோது சரியாக இருந்த ஹெட்ஃபோன் ரயிலில் ஏறியதும் மெலிந்து, கீச்சென்று ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். உடனே கை வால்யூமுக்குப் போகும், பேஸைக் கேட்கும் அளவுக்கு ஏற்றினால் மேல்பகுதி காதைக் கிழிக்கும். ஆக, வெளிச்சத்தத்தைத் தடுக்காத ஹெட்ஃபோன் எவ்வளவு நியூட்ரலாக ட்யூன் செய்யப்பட்டிருந்தாலும் சத்தமான இடத்தில் நியூட்ரலாகக் கேட்காது.

பின்பக்கம் திறந்த, அதாவது ஓப்பன் வகை ஹெட்ஃபோன்கள் வெளிச்சத்தத்தை ஏறக்குறைய அப்படியே உள்ளே விடும், உங்கள் பாட்டையும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்க வைக்கும். காற்றோட்டமான, விரிந்த ஒலி வேண்டும் என்றால் இவைதான் சிறந்தவை என்று பலர் சொல்வது உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்கப்போவது ஒரு அறையில் இருந்து இன்னொரு அறைக்கு எடுத்துப்போய் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

மூடிய, காதைச் சுற்றி உட்காரும் ஹெட்ஃபோன் நடுத்தரம். மேல் அதிர்வெண்களை நன்றாகத் தடுக்கும், எஞ்சின் உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. காதின் மேலேயே அமரும் ஆன்-இயர் வகை சிறியது, எடை குறைவு, பையில் இடம் அடைக்காது. நன்றாகத் தடுக்க வேண்டுமென்றால் காதை அழுத்திப் பிடிக்க வேண்டும், அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் காது வலிக்கும்.

காதுக்குள் போகும் ஐஇஎம் எனப்படும் இயர்ஃபோன்தான், பொருந்திவிட்டால், பேட்டரி இல்லாமல் அதிகமாகச் சத்தத்தைத் தடுக்கக்கூடியது. ஆழமாகச் செருகும் மூன்றடுக்கு ரப்பர் முனை கொண்டவை 30 டெசிபலுக்கு மேலும் தடுக்கும். எல்லோராலும் அதைத் தாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

நாய்ஸ் கேன்சலிங் வேலை செய்வது வேறு மாதிரி. மைக்கில் வெளிச்சத்தத்தைக் கேட்டு அதற்கு எதிரான அலையை உருவாக்கி அடக்குகிறது. இது தாழ்ந்த, ஒரே சீரான சத்தத்தில் நன்றாக வேலை செய்யும், பேச்சுச் சத்தத்தில் அவ்வளவாகச் செய்யாது. ரயிலிலும் விமானத்திலும் அதிகம் இருப்பவர்கள், ஒலியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும், இந்த வகையைத் தாராளமாக யோசிக்கலாம். "ஆடியோ பிரியர்கள் வயர்தான் வாங்குவார்கள்" என்று யாராவது சொன்னால் அவர் எங்கே உட்கார்ந்து கேட்கிறார் என்று கேளுங்கள்.

சரி, நியூட்ரல் என்றால் எதை வைத்துச் சொல்கிறோம்?

பதிவு செய்தவர்கள் வைத்த அளவிலேயே எல்லா அதிர்வெண்ணும் காதுக்கு வந்து சேர வேண்டும், ஹெட்ஃபோன் தன் பங்குக்கு எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சொல்ல எளிது. ஆனால் ஹெட்ஃபோனில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒலிபெருக்கியில் இருந்து வரும் ஒலி அறையிலும், தோளிலும், காது மடலிலும் பட்டு, காதுத் துளைக்குள் நுழைந்துதான் செவிப்பறையை அடைகிறது. காதுத் துளை ஒரு பக்கம் மூடிய குழாய் என்பதால் சுமார் 3,000 ஹெர்ட்ஸ் அருகில் ஒலியைத் தானாகவே பெருக்கும், மொத்தத்தில் 10 டெசிபலுக்கும் மேல். நம் மூளைக்கு இது பழகிப்போன விஷயம். காதை ஒட்டியோ காதுக்குள்ளோ இருக்கும் ஹெட்ஃபோன் இந்தப் பாதையின் ஒரு பகுதியைத் தாண்டிவிடுகிறது, எனவே அந்த மேட்டை அதுவே உண்டாக்கித் தர வேண்டும். நேர்கோடாக அளக்கப்படும் ஹெட்ஃபோன் காதில் மங்கலாக, போர்வைக்குள் இருந்து வருவது மாதிரி கேட்பதற்கு இதுதான் காரணம்.

அப்படியென்றால் அந்த மேடு எவ்வளவு இருக்க வேண்டும், பேஸ் எவ்வளவு இருக்க வேண்டும்? இதற்கு இரண்டு விதமான பதில்கள் பிரபலம். ஒன்று டிஃப்யூஸ் ஃபீல்டு, எல்லாத் திசையில் இருந்தும் ஒலி சமமாக வரும் இடத்தில் செவிப்பறையில் அளந்த வடிவம். 1991-ல் எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனத்தில் மீட் கில்லியன் கொண்டுவந்த இஆர்-4 இயர்ஃபோன் இந்த வழியில் பிறந்தது, இன்றும் நியூட்ரல் என்ற பேச்சு வந்தால் அந்தப் பெயர் வராமல் இருக்காது. இன்னொன்று ஹார்மன் டார்கெட், அதாவது ஹெட்ஃபோன் எட்ட வேண்டிய இலக்கு வடிவம். ஷான் ஆலிவ், டாட் வெல்டி இருவரும் ஹார்மன் நிறுவனத்தில் செய்த ஆய்வுகளில் இருந்து 2013-ல் தொடங்கி வந்தது. நல்ல ஒலிபெருக்கிகள் நல்ல அறையில் எப்படிக் கேட்கும் என்பதை அடிப்படையாக வைத்து, ஆட்களைக் கேட்க வைத்துத் திருத்திய வடிவம் அது, ஆகவே பேஸ் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

இவர்களின் பிற்கால ஆய்வு ஒன்றில் ஏறக்குறைய 64 சதவீதம் பேர் அந்த டார்கெட்டையே விரும்பினார்கள், 21 சதவீதம் பேருக்கு பேஸ் இன்னும் குறைவாக வேண்டியிருந்தது, 15 சதவீதம் பேருக்கு அதிகமாக. உங்கள் நண்பருக்கு நியூட்ரலாகத் தோன்றுவது உங்களுக்கு மெலிந்து தெரிந்தால் இரண்டு பேர் காதிலும் கோளாறு இல்லை. பழகுபவர்களுக்கு என் யோசனை: ஹார்மனுக்கும் டிஃப்யூஸ் ஃபீல்டுக்கும் நடுவே எங்கு இருந்தாலும் அதை நியூட்ரல் என்று எடுத்துக்கொள்ளுங்கள், பேஸ் அளவை உங்கள் ருசிக்கு விட்டுவிடுங்கள். நடுப்பகுதி, அதாவது குரலும் பெரும்பாலான வாத்தியங்களும் இருக்கும் 200-ல் இருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, சரியாக இருக்கிறதா என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

டீடெயில் என்ற ஏமாற்று

கேட்டதும் "அடேயப்பா, இந்தப் பாட்டில் இதெல்லாம் இருக்கிறதா" என்று தோன்றினால் டீடெயில் அதிகம் என்று நினைத்துவிடுகிறோம். பல சமயம் அங்கே நடந்திருப்பது 6,000-ல் இருந்து 10,000 ஹெர்ட்ஸ் வரை எங்கோ ஒரு மேடு. டிவியில் ஷார்ப்னஸை ஏற்றிவைத்தால் படம் முதலில் துல்லியமாகத் தெரிகிற மாதிரிதான் இது. பாடகர் மூச்சு இழுப்பது, விரல் கம்பியில் உரசுவது எல்லாம் முன்னால் வந்து நிற்கும், கூடவே ஒவ்வொரு 'ஸ்', 'ஷ்', 'ச்' எழுத்தும் ஊசியாகக் குத்தும். இருபது நிமிடம் தாண்டினால் களைப்பு.

உண்மையான நுணுக்கம் வேறு வகையில் தெரியும். ஒரு அதிர்வெண் மற்றொன்றை மூடாமல் இருப்பதுதான் அது. பேஸ் 200 ஹெர்ட்ஸ் பக்கம் வீங்கியிருந்தால் குரலின் அடிப்பகுதி அதில் மூழ்கிவிடும், அந்த வீக்கத்தைக் குறைத்ததும் புதிதாக எதையும் சேர்க்காமலேயே விவரங்கள் வெளியே வரும். வெளிச்சத்தம் குறைந்தாலும் இதேதான் நடக்கும். நல்ல டிரைவருக்கும் மோசமான டிரைவருக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை, சிதைவு அதிகமாக உள்ள மலிவுப் பொருட்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒழுங்கான இரண்டு ஹெட்ஃபோன்களுக்கு இடையே நாம் 'டீடெயில்' என்று உணர்வதில் பெரும்பகுதி ட்யூனிங்தான்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்களையும் இங்கேயே முடித்துவிடலாம். 'காதுக்கு ஆறு டிரைவர்கள்' என்பது ஒலியின் தரத்தைப் பற்றி எதையும் சொல்லாது, ஒரே டிரைவரில் அருமையானவையும் உண்டு, ஆறு வைத்துக் குழப்பியவையும் உண்டு. '5 முதல் 40,000 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருந்தால் அந்த எல்லைக்குள் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று போடாதவரை அது வெறும் அலங்காரம். மனிதக் காது இளவயதில்கூட 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, வயது ஏற ஏற அதுவும் இறங்கும்.

அடுத்தது: கிராஃபைப் படிப்பது

வாங்க நினைக்கும் மாடலின் அதிர்வெண் கிராஃப் இணையத்தில் எங்காவது கிடைக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம். முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். அளந்ததை அப்படியே போட்ட கிராஃபில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய மேடு இருக்கும், அது இருக்கத்தான் வேண்டும். டார்கெட்டைக் கழித்துப் போட்ட கிராஃபில் நேர்கோடு என்றால் டார்கெட்டை ஒட்டியிருக்கிறது என்று பொருள். புதியவர்கள் முதல் வகையைப் பார்த்துவிட்டு "நடுவில் இவ்வளவு ஏறியிருக்கிறதே" என்று நல்ல பொருளை ஒதுக்கிவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

பிறகு செங்குத்து அளவுகோல். 100 டெசிபல் உயரத்தை ஒரு சிறு படத்தில் அடைத்தால் எந்த ஹெட்ஃபோனும் நேர்கோடாகத் தெரியும், இது பழைய விளம்பர வித்தை. 40, 50 டெசிபல் உயரம் உள்ள படம்தான் பார்க்க ஏற்றது. ஒரே கருவியில் அளந்த இரண்டு ஹெட்ஃபோன்களை மட்டும் ஒப்பிடுங்கள், வேறு வேறு கருவியில் எடுத்த கோடுகளை மேலே மேலே வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

அகலமான மேடு பள்ளங்களுக்கு மதிப்பு அதிகம். 2 டெசிபல்தான் என்றாலும் 1,000-ல் இருந்து 4,000 வரை பரவியிருந்தால் காதுக்கு நன்றாகத் தெரியும். ஊசி போன்ற பள்ளம் 8 டெசிபல் ஆழம் இருந்தாலும் பெரும்பாலும் தெரியாது. 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கிராஃபை அதிகம் நம்ப வேண்டாம். இயர்ஃபோன்களை அளக்கும், 711 எனப்படும் பழைய வகைச் செயற்கைக் காதுக் கருவிகளில் அந்த இடத்தில் கருவியின் அதிர்வே ஒரு மேடாகப் பதிவாகும், உங்கள் காதில் அது எங்கே வரும் என்பது எவ்வளவு ஆழம் செருகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தப் பகுதிக்குக் காதுதான் சாட்சி.

பொருத்தம்

இதில்தான் அதிகம் நேரம் செலவிட வேண்டும், ஆனால் யாரும் செலவிடுவதில்லை. மூடிய ஹெட்ஃபோனோ இயர்ஃபோனோ காற்றுப் போகாதபடி அடைத்துக்கொண்டால்தான் பேஸ் இருக்கும். ஒரு சின்ன இடைவெளி போதும், கீழ்ப்பகுதி வடிந்துவிடும், மீதி எல்லாம் அப்படியே இருப்பதால் ஒட்டுமொத்த ஒலி மெலிந்து கூர்மையாகிவிடும். கண்ணாடி அணிபவர்களுக்கு இது பெரிய தொல்லை. கண்ணாடிக் காலுக்கும் தலைக்கும் இடையே உண்டாகும் இடைவெளியால் சில மாடல்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 10 டெசிபல் வரைகூடக் காணாமல் போகலாம். அடர்த்தியான முடி, எலும்பு துருத்திய தாடை எல்லாமும் இதே வேலையைச் செய்யும். ஒரே மாடலை ஒருவர் "பேஸே இல்லை" என்பதும் இன்னொருவர் "பேஸ் அதிகம்" என்பதும் பல சமயம் இதனால்தான்.

சோதிப்பது சுலபம். 20-ல் இருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஒலிக்க விடுங்கள், இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஓடும்போது இரண்டு கப்பையும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். சத்தம் சட்டென்று கூடினால் அடைப்பு சரியில்லை. தலைப்பட்டையை நீட்டிச் சுருக்கி, கப்பை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் அந்த ஹெட்ஃபோன் உங்கள் தலைக்கு இல்லை. எத்தனை விருது வாங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இயர்ஃபோன் என்றால் கூட வரும் எல்லா முனைகளையும் போட்டுப் பாருங்கள். ஒரு காதுக்கு நடுத்தரமும் மற்றதற்குப் பெரியதும் தேவைப்படுவது ரொம்ப சகஜம். செருகும்போது எதிர்ப்பக்கக் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் துளை நேராகும், முனை ஒழுங்காக உள்ளே போய் உட்காரும். ஃபோம் முனை நன்றாக அடைக்கும், ஆனால் ட்ரெபிளை, அதாவது மேல் அதிர்வெண்களை, சற்று மழுக்கும். கொஞ்சம் கூர்மையான இயர்ஃபோனுக்கு அதுவே மருந்தாகவும் ஆகும். முனையை மாற்றினால் ஒலி எவ்வளவு மாறுகிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டீர்களென்றால் வயர் மாற்றுவதைப் பற்றிய பேச்சுக்கெல்லாம் காது கொடுக்க மாட்டீர்கள்.

எடையையும் பாருங்கள். 250 கிராமுக்குக் கீழே இருந்தால் நடந்துகொண்டே கேட்கலாம், 350-ஐத் தாண்டினால் கழுத்து சொல்லிவிடும்.

போனில் ஓடுமா?

இரண்டு எண்கள் வேண்டும், மின்தடை ஓமில், உணர்திறன் டெசிபலில். உணர்திறனைச் சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு என்றும் சில ஒரு வோல்ட்டுக்கு என்றும் போடுவார்கள். ஒப்பிட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்வதுதான் வழி. மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று போட்ட இரண்டு ஹெட்ஃபோன்கள், ஒன்று 32 ஓம், மற்றொன்று 300 ஓம். 32 ஓமுக்கு 15-ஐக் கூட்டுங்கள், வோல்ட்டுக்கு 115 டெசிபல். 300 ஓமுக்கு 5-ஐக் கூட்டினால் போதும், 105. ஆக, பெட்டியில் ஒரே எண்ணைப் போட்டிருந்தாலும் ஒரே போனில் இரண்டாவது 10 டெசிபல் குறைவாக ஒலிக்கும்.

போனின் டைப்-சி துளையில் செருகி வயர் ஹெட்ஃபோனை இணைக்கும் சின்ன டாங்கிள்கள் பல ஒரு வோல்ட் வரை தரும். சராசரி 80 டெசிபலில் கேட்டாலும் இசையின் உச்சிகளுக்கு இன்னும் 20 டெசிபல் இடம் விட்டால் 100. அந்த அளவுக்கு, முன்னால் சொன்ன 300 ஓம் ஹெட்ஃபோன்கூடத் தேறிவிடும். பெரும்பாலான கையடக்க ஹெட்ஃபோன்களுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் தேவையே இல்லை. ஆப்பிளின் சிறு டாங்கிள் அளவில் மிகச் சுத்தமானது, ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் சத்தம் முழுதாக ஏறாது என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்ஃபோனைச் செருகும் போன், டாங்கிள் அல்லது ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்தடை, ஹெட்ஃபோனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் எனப்படும் மிகச் சிறிய வகை டிரைவர் பல கொண்ட இயர்ஃபோன்களில் மின்தடை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஏறி இறங்கும், சிலவற்றில் 8 ஓமுக்குக் கீழேயும் போகும். அவற்றை வெளியீட்டு மின்தடை அதிகமுள்ள பழைய ஆம்ப்ளிஃபயரில் போட்டால் ட்யூனிங்கே மாறிவிடும், நியூட்ரல் என்று வாங்கியது நியூட்ரலாக இருக்காது. சின்ன ஒலிபெருக்கி போன்ற வழக்கமான டைனமிக் வகை டிரைவர் ஒன்று மட்டும் உள்ள இயர்ஃபோன்களில் பெரும்பாலும் இந்தக் கவலை கிடையாது.

ப்ளூடூத் என்றால்

கோடெக், அதாவது ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, பற்றிய சண்டைகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். எஸ்பிசி என்ற கோடெக் வழக்கமான உயர்தர அமைப்பில் வினாடிக்கு 328 கிலோபிட், எல்டிஏசி 330, 660, 990 என்று மூன்று நிலைகளில் போகும். ஐபோனில் எல்டிஏசியும் ஆப்ட்எக்ஸும் கிடையாது, ஏஏசிதான். பயணத்தில் இந்த வித்தியாசத்தை விட ட்யூனிங் வித்தியாசம் பல மடங்கு பெரியது.

இதைவிட முக்கியமான சில விஷயங்கள் இருக்கின்றன. வயர்லெஸ் ஹெட்ஃபோன்களின் ஒலியை உள்ளே இருக்கும் சிப்தான் பெரிதும் வடிவமைக்கிறது. அதே ஹெட்ஃபோனில் மின்சாரத்தை அணைத்துவிட்டு வயர் மாட்டிக் கேட்டால் சிலவற்றில் வேறு பொருள் போலவே ஒலிக்கும். "வயரில் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும்" என்று நம்பி வாங்க வேண்டாம், இரண்டு நிலையிலும் எடுத்த கிராஃபைப் பாருங்கள். நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்றால், உள்பக்கம் மைக் வைத்த சில மாடல்கள் காதில் எவ்வளவு பேஸ் வந்து சேர்கிறது என்று கேட்டுத் தாமே ஈடு செய்கின்றன. ஏர்பாட்ஸ் ப்ரோ அப்படித்தான். கண்ணாடித் தொல்லையும் இந்த வகைத் தலை ஹெட்ஃபோன்களில் குறைவு. பெரும்பாலான நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன்கள் பெட்டியைப் பிரித்ததும் பேஸ் அதிகமாகவே இருக்கும், கூட வரும் ஆப்பில் ஈக்வலைசர் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

காது கொடுத்துக் கேட்டுப் பார்ப்பது

இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்தாவிட்டால் ஒப்பீடு வீண். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதை நாம் 'சத்தம் அதிகம்' என்று உணர்வதில்லை, 'தெளிவு அதிகம்', 'உயிர் இருக்கிறது' என்றுதான் உணர்கிறோம். காதின் உணர்திறன் சத்தத்தைப் பொறுத்து மாறுவதும் இதில் சேர்ந்துகொள்ளும், மெதுவாகக் கேட்டால் பேஸும் உச்சியும் குறைந்ததாகத் தெரியும். ஒரே குரல் பகுதியை மாறி மாறிப் போட்டு இரண்டிலும் குரல் ஒரே உயரத்தில் கேட்கும் வரை சரிசெய்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

எதைக் கேட்பது? புதிய, பிரமாதமான டெமோ பாடல்கள் வேண்டாம், எதில் போட்டாலும் அவை நன்றாகத்தான் இருக்கும். நன்றாகத் தெரிந்த, சற்றுச் சுமாரான பதிவும் ஒன்று இருக்கட்டும். குரலில் இருந்து ஆரம்பியுங்கள். ஆண்குரல் மார்பில் இருந்து கரகரத்து வீங்கினால் 200 ஹெர்ட்ஸ் பக்கம் அதிகம், பெண்குரல் தள்ளி நின்று பாடுவது போல இருந்தால் 2,000-ல் இருந்து 4,000 வரை குறைவு, மூக்கடைத்தது போல இருந்தால் 1,000 பக்கம் தூக்கல். மிருதங்கம் நல்ல சோதனை, தொப்பியின் கும்கியும் வலந்தலையின் கணீர் ஒலியும் ஒரே வாத்தியத்தின் இரண்டு பக்கங்களாகக் கேட்க வேண்டும். தொப்பி மட்டும் தனியாக வந்து மோதினாலோ வலந்தலை டிக்டிக் என்று ஆணி அடித்தாலோ சமநிலை இல்லை. தம்புரா மட்டும் ஒலிக்கும் ஒரு பதிவைப் போட்டால் மேல்சுரங்கள் சீராக மினுங்குகின்றனவா, ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கலாம். பேஸ் கிட்டாரோ தாழ்ந்த சுரங்கள் படிப்படியாக ஏறும் எதுவோ இருந்தால், எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் வருகின்றனவா என்று கவனியுங்கள்.

நியூட்ரல் ஹெட்ஃபோனை முதல்முறை கேட்பவர்கள் பலர் "சப்பென்று இருக்கிறது" என்பார்கள். அதுவரை பேஸ் தூக்கிய பொருளில் காது பழகியிருக்கும். சில நாட்கள் அதை மட்டும் கேளுங்கள், பிறகு பழையதைப் போட்டுப் பாருங்கள். பழையதில் குரலை மூடிக்கொண்டிருந்த மூட்டம் இப்போது தெரிந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள், இன்னமும் பழையதே பிடித்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். ஆகவே திருப்பி எடுத்துக்கொள்ளும் இடத்தில் வாங்குவது அவசியம். நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி மாறும் என்று சொல்லித் திருப்பும் காலக்கெடுவைத் தாண்டவைக்கும் அறிவுரையை மட்டும் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் மாறுவது பெரும்பாலும் உங்கள் பழக்கம்தான்.

இப்போது பெயர்கள்

மடித்து எடுத்துப்போகும் மூடிய வகையில் ஏகேஜி கே371. 2019-ல் வந்தது, 32 ஓம், ஹார்மன் டார்கெட்டை வைத்தே செய்தது, வயரைக் கழற்றலாம். ஆனால் நான் மேலே சொன்ன கண்ணாடிப் பிரச்சினை இதில் கடுமை, போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். சோனி எம்டிஆர்-7506, 1991-ல் இருந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பார்க்கலாம். மடியும், எடை குறைவு, குரல் பகுதி மிகத் தெளிவு, மேல்பகுதி சற்றுப் பளீர். சுருள் வயர் நீளமானது, கழற்றவும் முடியாது, பாக்கெட்டில் அது ஒரு மூட்டை. ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ் இவற்றுக்கு நடுவே பாதுகாப்பான தேர்வு. அதன் அண்ணனான எம்50எக்ஸ் பிரபலம் என்றாலும் நியூட்ரல் தேடுபவர்களுக்கு நான் 40-ஐத்தான் சொல்வேன்.

ஆன்-இயர் என்றால் சென்ஹைசர் எச்டி 25. 1988-ல் வந்த வடிவம், இன்றும் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வாங்கி மாற்றலாம், சத்தத்தை நன்றாகத் தடுக்கும். காதை நெரிக்கும். முழு நியூட்ரல் என்று சொல்ல மாட்டேன், பேஸில் கொஞ்சம் குத்து உண்டு.

இயர்ஃபோனில் எட்டிமோட்டிக் இஆர்4எஸ்ஆர், இஆர்2எஸ்இ இரண்டும் கறாரான நியூட்ரல், ஆழமாகச் செருக வேண்டியவை, பேஸ் பிரியர்கள் பக்கத்தில்கூடப் போக வேண்டாம். அந்த ஆழம் பிடிக்காதவர்களுக்கு ட்ரூதியர் ஹெக்சா, ஒரு டைனமிக் டிரைவரும் மூன்று ஆர்மேச்சரும் கொண்டது, பேஸ் சற்று அதிகம், நடுப்பகுதி சுத்தம். எதை வாங்குவது என்று ஒரே வரியில் கேட்டால், செருகும் இயர்ஃபோனைப் பொறுத்துக்கொள்ள முடிகிறவர்கள் அதையே வாங்குங்கள். எடுத்துப்போகச் சிறியது, வெளிச்சத்தத்தை அடைக்கும், கண்ணாடி இடிக்காது.

வாங்கிய பிறகு

முதலில் மோனோ ஒலி ஒன்றைப் போட்டு அது தலைக்கு நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்ஃபோனை இடம் மாற்றி, வலதை இடதில் போட்டுக் கேளுங்கள். சாய்வும் கூடவே மாறினால் பொருளில் குறை, திருப்பிக் கொடுங்கள். மாறாமல் அதே பக்கம் நின்றால் பொருத்தமோ உங்கள் காதோதான் காரணம்.

கொஞ்சம் சரியில்லை என்றால் ஈக்வலைசரைத் தொட வெட்கப்பட வேண்டாம். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் இருக்கின்றன, ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு ஆட்டோஈக்யூ திட்டத்தில் தயார் அமைப்புகள் கிடைக்கும். அதிகபட்சமாக எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அந்த அளவுக்கு ப்ரீஆம்பை, அதாவது ஈக்வலைசரில் உள்ள ஒட்டுமொத்த அளவை, இறக்குங்கள், இல்லையென்றால் ஒலி உடையும். 8,000-க்கு மேல் உள்ள ஒல்லியான திருத்தங்களை அழித்துவிட்டு பேஸையும் நடுப்பகுதியையும் மட்டும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

வால்யூம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் அது வெறும் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். பல போன்களே இப்போது இந்த அளவைக் காட்டுகின்றன, ஒரு வாரம் பார்த்தால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். பயண நாட்களில் எண் ஏறினால் அடைப்பு போதவில்லை என்று அர்த்தம், முதலில் முனையையோ பேடையோ மாற்றிப் பாருங்கள்.

பேட் நசுங்கி, தோல் உரிந்தால் ஒலி நிஜமாகவே மாறும், டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரம் குறைந்து அடைப்பும் போய்விடும். மாற்றும்போது அந்த மாடலுக்கான அசல் பேடையே வாங்குங்கள், தடிமனான வேறு பேட் போட்டால் சொகுசாக இருக்கும், ஆனால் ட்யூனிங் போய்விடும். இயர்ஃபோனில் ஒரு பக்கம் மெல்ல மங்கினால் பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் முனையைக் கழற்றி வலையைப் பாருங்கள், பெரும்பாலும் காதழுக்குதான் அடைத்திருக்கும்.